ஏற்றாத மெழுகுவர்த்தி

எங்கள் தலபான் தீவின் குடிவரவு அலுவலக வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு போட்டு வருகிறவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. இங்கே வரும் வெள்ளைக்காரர்கள் இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை. விசாவை நீட்டிக்க வியர்த்து விறுவிறுத்து வந்து, காவலாளி எஃப்ரெனிடம் கைநீட்டிக் கைநீட்டிப் பேசி, தோற்றுத் திரும்புவார்கள். திரும்பினால் எதிரே ஈரப்பலா மரத்தடியில் மானாங் டிபாங் உட்கார்ந்திருப்பார்; மானாங் என்றால் அக்கா.

ஒரு மேசை, ஒரு நகல் இயந்திரம், மரக்கிளையில் ஒரு காக்கி பேண்ட். பேண்டுக்கு வாடகை கிடையாது. போட்டுக்கொண்டு போகிறவர் பாஸ்போர்ட்டை அவரிடம்தான் நகலெடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். மாலையில் வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்து, காலையில் மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து மாட்டுவார்.

ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியிருந்த சமயம் அது. எத்தனையோ நாடுகளில் விசா வரிசையில் நின்றிருக்கிறேன். எந்த வரிசைக்குப் பக்கத்திலும் பேண்ட் கொடுக்க ஒருத்தர் உட்கார்ந்திருந்ததில்லை. அடுத்த வீட்டுக்காரி என்ற உரிமையில் அவர் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு மாதம் இருந்து பார்ப்போம் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பேண்ட் அவர் கணவர் கானிங்குடையது; முழுப்பெயர் ரொகாசியானோ. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், சுரிகாவோவில் சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினார். "ரெண்டே வாரம், வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். கப்பல் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அவர் வரவில்லை, கடிதமும் வரவில்லை. ஊரில் வழக்கமாகப் பேசுவதை எல்லாம் பேசினார்கள். டிபாங் யாருடனும் சண்டைக்குப் போகவில்லை. துவைத்து வைத்த பேண்டை மட்டும் பெட்டியில் வைத்திருந்தார். பூச்சி அரிக்க ஆரம்பித்தபோது, சும்மா கிடப்பதற்கு யார் காலிலாவது இருக்கட்டும் என்று மரத்தில் மாட்டினார்.

ஹால்வார்டும், நான் ஊரில் இல்லாத காலத்தில், அந்தப் பேண்டைப் போடத்தான் முதலில் வந்தார். நார்வேக்காரர், கப்பலில் என்ஜின் பார்த்து ஓய்வுபெற்றவர், ஆறரை அடி. பேண்ட் அவருக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

எஃப்ரென் விழுந்து விழுந்து சிரித்தான். "மானாங், இந்த ஆள மூடணும்னா உங்க வீட்டுக்காரரு இன்னொருத்தரும் வேணும்."

"ஒருத்தரையே காணோம். நீ போய் கூட்டிட்டு வா, ரெண்டாவது ஆளப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார் டிபாங்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்க வந்தவர், அடுத்த வருடம் டிபாங்கின் வீட்டிலிருந்தே வந்தார். ஊர் கொஞ்ச நாள் பேசிவிட்டு, அவரும் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுவதைப் பார்த்ததும் விட்டுவிட்டது. அவருடைய தொப்பையை மீன்காரிகள் கிள்ளுவார்கள். "மானாங், இத எடைக்குப் போட்டா எவ்ளோ வரும்?" என்பார்கள்.

சுற்றுலா விசாவை எப்படி நீட்டினாலும் மூன்று வருடம்தான். அதன்பிறகு ஒருமுறையாவது நாட்டை விட்டு வெளியே போய்த்தான் வர வேண்டும். முதல் தடவை போய் வந்துவிட்டார். இந்தத் தடவை அவருக்கு எழுபத்து நான்கு வயது, போன வருடம் நெஞ்சுவலி வந்து படுத்து எழுந்தவர். பயணமே வேண்டாம் என்றார் மருத்துவர். இந்த ஊர்ப் பெண்ணை மணந்தால் நிரந்தரமாகத் தங்கலாம். ஆனால் டிபாங் இன்னும் கானிங்கின் மனைவி. எங்கள் நாட்டில் விவாகரத்து கிடையாது. காணாமல் போனவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் சொன்னால்தான் வழி. அதற்கும் சும்மா காணோம் என்றால் போதாது. தேடினோம், தேடியதில் அவர் இல்லை என்று உண்மையாகவே நம்புகிறோம் என்று காட்ட வேண்டும்.

"இன்னொருத்தர் கப்பலேறிப் போறத என்னால பாக்க முடியாது, இண்டாய்" என்றார் டிபாங் என்னிடம்; இண்டாய் என்றால் மகளே என்ற மாதிரி. அதற்கு முன் இப்படி ஒரு பேச்சை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

நானும் அவரும் சுரிகாவோ போனோம். எனக்கு எங்காவது கிளம்பினால் போதும். ஒன்பது நாள் சுரங்கம் சுரங்கமாக, ஊர்த் தலைவர் ஒவ்வொருவராகப் பார்த்து, 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று கையெழுத்து வாங்கினோம். ஓரிடத்தில் ஒரு கிழவர், "ரொகாசியானோவா? பாட்டுப் பாடுவானே, அவனா?" என்றார். டிபாங் சட்டென்று நிமிர்ந்தார். கிழவர் சொன்ன ஆளுக்கு ஒரு கண் இல்லையாம். அது வேறு ஆள். அன்று இரவு டிபாங் சாப்பிடவில்லை.

செப்டம்பரில் விசாரணை. எங்கள் வக்கீல் காகிதங்களை எல்லாம் வரிசையாக வைத்திருந்தார். "ஒரே ஒரு வார்த்தைதான் மானாங். 'செத்துட்டாருன்னு நம்புறேன்'. அதச் சொல்லிட்டு உக்காருங்க."

நீதிபதி காகிதங்களைப் புரட்டித் தலையாட்டிக்கொண்டிருந்தார். அரசு வக்கீல் ஒரு பெண், எங்கள் தீவுக்காரர்தான். எழுந்து மெதுவாகக் கேட்டார்.

"உங்க அம்மா தவறிட்டாங்க இல்லையா?"

"ஆமா."

"நவம்பர் ஒண்ணாந்தேதி கல்லறைக்குப் போவீங்களா?"

"ஒரு வருஷமும் தவறினதில்ல."

"கானிங்குக்கு மெழுகுவத்தி ஏத்துவீங்களா?"

எங்கள் ஊரில் அன்று எல்லோரும் கல்லறையில்தான் இருப்போம். சோறு கட்டிக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். கடலில் போனவர்களுக்கும் கல்லறை இல்லாதவர்களுக்கும் நடுவில் உள்ள பெரிய சிலுவையடியில் ஏற்றுவார்கள். யார் யாருக்கு ஏற்றுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அரசு வக்கீலுக்கும் தெரியும்.

எங்கள் வக்கீல் இருமினார். "ஏற்றினேன்" என்று சொல்லிவிடலாம். இருபத்திரண்டு வருடக் கூட்டத்தில் யார் வந்து சாட்சி சொல்லப் போகிறார்கள்? நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"இல்லீங்க" என்றார் டிபாங்.

"ஒரு வருஷம்கூடவா?"

"சிலுவைகிட்ட போனதே இல்ல."

"ஏன்?"

"செத்தவங்களுக்குத்தானே ஏத்துவாங்க. அவரு செத்தாருன்னு யாரும் எங்கிட்ட வந்து சொல்லலயே."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். மனு தள்ளுபடியானது.

வெளியே வேப்பமர நிழலில் ஹால்வார்ட் காத்திருந்தார். டிபாங் நடந்ததைச் சொன்னார். நான் வேறு பக்கம் பார்த்தேன். ஹால்வார்ட் அரைகுறையாக எங்கள் மொழி பேசுவார், அவசரப்படாமல் பேசுவார்.

"நீ பொய் சொல்லல."

"சொல்லிருக்கணும். என் வாயில வரல. உங்களுக்குக் கோவமா?"

"கோவம் இல்ல. நான் போறேன். வர்றதுக்கு நாளாச்சுன்னா? நீ சீக்கிரம் மெழுகுவத்தி ஏத்துற பொம்பளையா இருந்தா, எனக்குப் பயம்."

டிபாங் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு முன்னால் நடந்தார்.

அக்டோபர் இருபத்தொன்றாம் தேதியோடு மூன்று வருடம் முடிகிறது. அதற்கு முந்தின வாரம் ஒருநாள் காலையில் மரக்கிளை காலியாக இருந்தது. எஃப்ரென் பதறிப்போனான். "பேண்ட் எங்க மானாங்? நான் யார உள்ள விடுறது?"

"உன் பேண்டக் கழட்டிக் குடு."

பேண்ட் வீட்டில் தையல் இயந்திரத்தில் இருந்தது. இடுப்பைப் பிரித்து அகலமாக்கி, கால்களின் கீழே வேறு காக்கித் துணியை ஒன்றரைச் சாண் சேர்த்துத் தைத்திருந்தார். நிறம் சரியாக ஒத்துப்போகவில்லை. துறைமுகத்தில் ஹால்வார்ட் அதைப் போட்டுக்கொண்டுதான் கப்பலேறினார். முதல் தடவையாகக் கணுக்கால் தெரியவில்லை. பக்கத்து நாட்டிலுள்ள கோத்தா கினபாலுவுக்குப் போய், ஒரு வாரம் தங்கிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

"ஒரு வாரம்" என்றார்.

"நாள் கணக்கெல்லாம் சொல்லாதீங்க. போயிட்டு வாங்க, அது போதும்" என்றார் டிபாங்.

இருபத்தெட்டாம் தேதி, எங்கள் தீவுக்குக் கப்பல் கிளம்பும் செபுவில் விமானத்தில் வந்து இறங்கிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். விமான நிலையத்தில் கேள்வி கேட்டார்களாம், பிறகு முப்பது நாள் முத்திரை குத்தினார்களாம். மறுநாள் புயல் எச்சரிக்கை. கப்பல்கள் நின்றன. அன்று மாலை காற்றில் எங்கள் தீவின் செல்பேசிக் கோபுரம் சாய்ந்து தொலைபேசியும் நின்றது. நடுவில் ஒரு கப்பல் துணிந்து கிளம்பியதாகவும், அது எங்கே என்று தெரியவில்லை என்றும் ஒரு பேச்சு வந்தது. அதில் அவர் ஏறினாரா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை.

ஒன்றாம் தேதி மழை விட்டிருந்தது. கல்லறைக்கு ஊரே வந்தது. டிபாங் இலையில் சுற்றி அவித்த ஒட்டரிசியும் கொக்கோ கஞ்சியும் கொண்டுவந்திருந்தார். அம்மாவின் கல்லைத் துடைத்து மெழுகுவர்த்தி ஏற்றினார். பக்கத்துக் கல்லறையில் இருந்த மீன்காரி தன் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். கெட்ட எண்ணம் இல்லை. ஊர் முழுக்க அந்தக் கப்பலைப் பற்றித்தான் பேச்சு.

"மானாங், இதையும் வச்சுக்கங்க. சிலுவைகிட்ட... யாருக்குன்னாலும் ஆகும்."

டிபாங் அதை வாங்கிப் பார்த்தார். சிலுவையடியில் நூற்றுக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தன. எழுந்து போவார் என்று நினைத்தேன். அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு, "கரண்ட் போனா ஆகும்" என்றார். பிறகு என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார். "சாப்பிடு. எலும்பா இருக்க. ஊரு சுத்தினா சோறு போட மாட்டாங்களா?"

மூன்றாம் தேதி காலையில் முதல் கப்பல் வந்தது. ஆட்கள், கோழிக்கூடைகள், அரிசி மூட்டைகள் எல்லாம் இறங்கி முடிந்த பிறகு, கடைசியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஹால்வார்ட் இறங்கினார். நான்கு நாள் துறைமுகப் பெஞ்சில் படுத்திருந்தாராம். பேண்ட் முழுக்க உப்பும் அழுக்கும்.

டிபாங் ஓடவில்லை. நிதானமாக நடந்துபோய் முதலில் அவர் பாஸ்போர்ட்டை வாங்கினார். முத்திரையைத் தேடி, வெளிச்சத்தில் பிடித்து, தேதியைப் படித்தார்.

"இருபத்தாறாம் தேதியோட முடியுது. கடைசி நாள் போய் நிக்கக் கூடாது, கூட்டம் அம்மும். இருபதாந்தேதியே ஆபீசுக்குப் போயிடலாம்." பாஸ்போர்ட்டை மூடித் தன் பையில், அந்த மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்தார். "வீட்டுக்குப் போனதும் பேண்டக் கழட்டிக் குடுங்க, ஊற வைக்கணும்."

"இந்தப் பேண்ட் திரும்ப மரத்துல தொங்குமா?" என்று நான் கேட்டேன்.

"அது இனிமே இவருக்கு. எஃப்ரென்கிட்ட சொல்லி அவன் பழசு ஒண்ணு குடுக்கச் சொல்லு." ஹால்வார்டின் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, கிழவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இருபதாந்தேதி இருப்பல்ல? ஃபாரம் எழுத ஆள் வேணும்."

இருப்பேன் என்றேன்.