மைத்துனன் பெயரில் வீசிய பந்து

கடலூர் தேவனாம்பட்டினத்துச் செம்பியன், 2004 முதல் மாவட்ட கிரிக்கெட் அணிக்கு வேகப்பந்து வீசியவர். மீன்பிடிக் குடும்பம். மூன்றாம் ஆண்டில் வலது தோள் மூட்டு விலகியதோடு ஆட்டம் முடிந்தது. பிறகு ஷேர் ஆட்டோ ஓட்டினார். டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கு யாராவது கூப்பிட்டால், "அதெல்லாம் ஒரு பந்தா?" என்று சிரிப்பார். நாளடைவில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

2011 காணும் பொங்கலுக்குச் சிதம்பரம் அருகே மாமியார் ஊருக்குப் போயிருந்தார். அன்று பக்கத்து ஊரோடு டென்னிஸ் பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். அந்தந்த ஊர்க்காரர்தான் இறங்கலாம். வெளி ஆள் இறங்கினால் கோப்பை எதிரணிக்கு. மாமியார் ஊர் அணித் தலைவர் ராஜமாணிக்கம் காலையிலேயே வந்துவிட்டார்.

"மாப்ள, ரெண்டு ஓவர் போட்டுக் குடுங்க."

"நான் வெளியூருங்க."

"பொண்ணு எங்க ஊரு. நீங்க பாதி ஊர்க்காரருதான். மீதிக்கு நம்ம வினோத் பேரப் போட்டுக்கலாம்."

வினோத்குமார் செம்பியனின் மைத்துனன். அந்த அணியின் பந்துவீச்சாளன். செம்பியன் மறுத்திருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து ஒருவர் ஆடக் கூப்பிட்டதே அவருக்குப் போதுமாக இருந்தது. வினோத் தன் பெயர் போட்ட சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டான்.

முதல் பந்துக்கு முன் செம்பியன் பந்தைத் தொடையில் அழுத்தித் தேய்த்தார். தோல் பந்தில் பழகிய கை.

"வினோத்குமாரு டென்னிஸ் பந்துக்குப் பாலிஷ் போடுறாரு பாருங்க!" என்றது மைக்.

சனம் சிரித்தது. மட்டையோடு நின்றவர் சிரிக்கவில்லை. அவர் ஜெயசீலன். மாவட்ட அணியில் செம்பியனோடு ஆடியவர். தோள் விலகிய அன்று அவரைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர். கிட்டே வந்தார்.

"டேய் செம்பியா, நீயா?"

"யாரக் கேக்குறீங்க? நான் வினோத்து."

நடுவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜெயசீலன் சொல்லவில்லை. திரும்பிப் போய் மட்டையை ஊன்றினார். மூன்றாவது பந்தில் அவருடைய ஸ்டம்பு சாய்ந்தது.

மாலையில் மைக் மறுபடி முழங்கியது. "சிறந்த பந்துவீச்சாளர் வினோத்குமார்! கோப்பையை வழங்குபவர், முன்னாள் மாவட்ட வீரர் ஜெயசீலன்!"

செம்பியன் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். கோப்பையை நீட்டியபடி ஜெயசீலன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தோளு இப்ப தேவலாமா?"

மைக் பக்கத்திலேயே இருந்தது.

"எனக்குத் தோள்ல ஒண்ணும் இல்லீங்களே."

வீட்டில் வினோத் கோப்பையைத் தொடவில்லை. "ஜெயிச்சது நீங்க. எடுத்துட்டுப் போங்க மாமா."

செம்பியன் அதை டிவி மேல் வைத்துவிட்டுக் கிளம்பினார். கடலூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. வலது கை மேலே எழவில்லை. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதாங்க?" என்றாள் மனைவி திலகவதி.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.