அது வெள்ளைக்காரன்ர கதை

கௌபோய் படம் எண்டா எனக்கும் என்ர சிநேகிதிக்கும் உயிர். ஞாயிறு பின்னேரத்தில ரீவியில பழைய குதிரைப்படம் ஏதாவது போடுவாங்கள். நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில பஸ் ஏறி மனோர் பார்க்கில அவளின்ர வீட்டுக்குப் போவன். அவளின்ர மனுசன் சனி ஞாயிறும் கடையிலதான். அவள் ரோல்ஸ் பொரிச்சு வைச்சிருப்பாள். ரெண்டு பேரும் சோபாவில காலைத் தூக்கி வைச்சுக்கொண்டு, ஆர் ஆரைச் சுடப்போறான் எண்டு பாத்துக்கொண்டிருப்பம். இங்கிலிஸ் முழுக்க விளங்கோணும் எண்டில்லை, தொப்பியைப் பாத்தாலே கெட்டவன் ஆரெண்டு தெரிஞ்சிடும்.

ஒரு படம் மட்டும் அப்பிடி இல்லை. அதில ஆரும் பாக்கிறதுக்குக் கெட்ட ஆக்கள் இல்லை. வனாந்தரத்துக்கு நடுவில ஒரு சின்ன ஊர், அதில ஒரு பிள்ளை, ஊருக்கே செல்லம். கலியாணத்தண்டு சேர்ச்சில எல்லாரும் இருக்கேக்க, எங்கேயோ இருந்து வந்த ஒரு கிழட்டு வியாபாரி அவளைப் பாத்திட்டு, இவளின்ர தாய் செவ்விந்தியப் பொம்பிளையெல்லோ எண்டு சொல்லிப்போட்டான். அவ்வளவுதான். ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா எழும்பிப் போகினம். மாப்பிளையின்ர தாய், காலமை தன்ர கையால அந்தப் பிள்ளைக்குத் தலை சீவி இழுத்துவிட்டவ, கிட்ட வந்து, "இதை ஏன் முதலே எனக்குச் சொல்லேல்லை?" எண்டு கேக்கிறா.

என்ர சிநேகிதி மூக்கைச் சீறிச் சீறி அழுதாள். "நாசமாப் போற அறுவாளே! அவள் என்னத்தையடி சொல்லோணும்? இன்ன வயித்திலதான் பிறக்கப்போறன் எண்டு கேட்டுக்கொண்டே வந்தவள்?" எண்டு ரீவியைப் பாத்துக் கத்தினாள். நான்தான் ரிஷுவை எடுத்துக் குடுத்தனான்.

அவள் சும்மா நடிக்கேல்லை. அந்த அழுகைக்கு அவளுக்கு உரிமை இருந்தது. லண்டனுக்கு வந்த புதுசில நானும் அவளும் ஒரே ஒஃபிசில கிளீனிங் செய்தனாங்கள். ஒருநாள் விடியப்புறம் பஸ் ஸ்ராண்டில நிக்க, ஒருத்தன் உங்கட நாட்டுக்குப் போங்கோவன் எண்டு கத்தி, திண்டு மிஞ்சின சிப்ஸை என்ர தலையில எறிஞ்சான். நான் விறைச்சுப்போய் நிண்டன். அவள் விடுவாளே? வேலைக்கெண்டு கொண்டுவந்த மொப் தடியோட அவனைத் துரத்திக்கொண்டு, "நீ எங்கயிருந்தடா வந்தனி, உன்ர கொப்பனைப் போய்க் கேள்!" எண்டு தமிழில பேசினாள். அவனுக்கு என்ன விளங்கியிருக்கும், பாவி. பிறகு வந்து என்ர தலைமயிருக்குள்ள இருந்த சிப்ஸை ஒண்டொண்டா எடுத்துவிட்டாள். வினாகிரி மணத்தோட ரெண்டு பேரும் வயிறு நோகச் சிரிச்சம். அண்டையில இருந்து அவள் எனக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி.

அதே வேலையில முதன்முதலாக் கண்டண்டு அவள் கேட்டது, "ஊரில எவடம்?" எண்டு. எங்கட ஆக்களுக்கு இந்தக் கேள்வி விளங்கும். விளங்காத ஆக்களுக்குச் சொல்லுறன்: கேக்கிறவைக்கு இடம் தேவையில்லை. எங்கட ஊர்களில ஒவ்வொரு சாதியும் ஒவ்வொரு மூலையில. மூலையைச் சொன்னாச் சாதி விளங்கிடும். வாயால சாதியைக் கேட்ட பாவம் ஒருத்தருக்கும் வராது, என்ன கெட்டித்தனம் பாருங்கோ. நான் "கோயிலடி" எண்டன். உண்மையைத்தான் சொன்னனான். எங்கட வீடு கோயிலுக்குப் பின்னால, ஒழுங்கைக்கு அங்காலை. அவள் அதைக் கோயிலுக்கு முன்னால, பெரிய ஆக்களின்ர பக்கம் எண்டு எடுத்திருக்கிறாள். முகம் மலர்ந்து, "அப்ப எங்கட ஆக்கள்தான்" எண்டாள். நான் அதைத் தமிழர் எண்டு எடுத்தன். ஒரு சொல்லை ரெண்டு பேரும் ரெண்டு விதமா எடுத்துக்கொண்டு இருபது வருசத்துக்கு மேல சீவிச்சிருக்கிறம்.

பிறகு பிள்ளையள் வளந்திதுகள். என்ர ஒரே மகளும் அவளின்ர மகனும் ஒண்டாப் படிச்சு, ஒண்டா வேலைக்குப் போய், ஒருநாள் ரெண்டும் எங்களுக்கு முன்னால வந்து நிண்டுதுகள். கலியாணம் கட்டப்போகினமாம். என்ர சிநேகிதி துள்ளின துள்ளலை நீங்கள் பாத்திருக்கோணும்! என்ர மகளைக் கட்டிப்பிடிச்சு, "இனி நீ என்னை ஆன்ரி எண்டால் வாயிலதான் போடுவன், மாமி எண்டு சொல்லு" எண்டாள். எனக்கு ஃபோன் எடுத்தால் "என்னடி சம்பந்தி" எண்டுதான் தொடங்குவாள். என்ர மகள் அந்த நாளையில குசினிக்குள்ள பாட்டுப் பாடிக்கொண்டு திரிஞ்சாள். தகப்பன் இல்லாத பிள்ளை, ஒரு நிறைஞ்ச வீட்டுக்குப் போகப்போகுது எண்டு எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அவளின்ர மனுசன்தான், எதுக்கும் ஒருக்கா விசாரிப்பம் எண்டவராம். இத்தனை வருசம் ஒண்டா இருந்து சாப்பிட்ட எங்களில விசாரிக்க என்ன இருக்கு? பிரான்சில அவருக்கு ஒரு சொந்தக்காரன், எங்கட ஊரில பெண் எடுத்தவன். அவனுக்கு ஒரு ஃபோன்.

அடுத்தநாள் அவள் எடுத்தாள். "நீங்கள் வீட்டில நிக்கிறியளோ?" எண்டாள். வேற ஆருக்கோ எடுக்கிற ஃபோனை மாறி எனக்கு எடுத்திட்டாள் எண்டு நினைச்சன். எங்களுக்குள்ள எப்பவும் நீதான், அடிதான். "என்னடி, நீங்கள் நாங்கள் எண்டு? விசரோ உனக்கு?" எண்டு சிரிச்சன். அவள் சிரிக்கேல்லை. அப்பவே எனக்கு விளங்கிட்டுது. பிரான்ஸ்காரன் சொன்னதெல்லாம் அந்த "நீங்கள்" எண்ட ஒரு சொல்லுக்குள்ள இருந்தது.

வந்தாள். கோட்டைக் கழட்டேல்லை, இருக்கவும் இல்லை. "இதை ஏன் முதலே எனக்குச் சொல்லேல்லை நீங்கள்?" எண்டாள்.

எனக்கு அழுகை வரமுதல் சிரிப்பு வந்தது. "கோயிலடி எண்டு சொன்னனான்தானே?"

"கோயிலடி எண்டா நாங்கள் என்னெண்டு நினைப்பம்?"

"கோயிலுக்குப் பின்னாலயும் மனுசர் இருக்கினம் எண்டு நினைச்சிருக்கலாம்" எண்டன்.

அவள் நிலத்தைப் பாத்தாள். தனக்கொண்டும் இல்லையாம், மனுசன்ர ஆக்கள் விடமாட்டினமாம், நாளைக்குத் தங்கட மகளுக்கும் ஒரு இடத்தில பேசோணுமாம். நான் விடேல்லை. "அண்டைக்கு அந்தப் படத்துக்கு மூக்குச் சீறிச் சீறி அழுதியே! மாமியாரை அறுவாள் எண்டு பேசினியே! அவள் கேட்டதைத்தானேயடி இப்ப நீ கேக்கிறாய்?" எண்டன்.

அவள் நிமிர்ந்து பாத்தாள். உண்மையாவே விளங்காமல் பாத்தாள். "அது வெள்ளைக்காரன்ர கதையெல்லோ. அதுக்கும் இதுக்கும் என்ன?" எண்டாள்.

தெரிஞ்சுகொண்டு பொய் சொல்லியிருந்தால் காறித் துப்பிப்போட்டு விட்டிருப்பன். அவளுக்கு ஒரு சம்பந்தமும் தெரியேல்லை. ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லை எண்டு சொல்லுவினம், இவளுக்கு அது உபதேசமாக்கூடப் படேல்லை. எனக்காக மொப் தடியோட ஓடினவள், இண்டைக்கு என்ர வீட்டு வாசலில கோட்டோட நிண்டாள். அவள் போனாப்பிறகு கதவைச் சாத்திப்போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதன்.

பொடியன் என்ன செய்தவன் எண்டு கேப்பியள். இஞ்ச பிறந்தவன், கறுப்பு வெள்ளை எண்டு ஆரும் வாய் திறந்தால் சண்டைக்குப் போறவன். அவன் என்ர மகளிட்ட, அம்மாவுக்குப் பிரஷர், கொஞ்சநாள் பொறுப்பம் எண்டான். பிறகு வேலையில ஷிப்ட் கூடிப்போச்சு எண்டான். பிறகு ஃபோன் எடுக்கேல்லை. அவ்வளவுதான் அவன்ர வீரம்.

ஒருநாள் மகள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு, "அம்மா, நாங்கள் ஆர்?" எண்டு கேட்டாள். அவளுக்குத் தெரியாது. நான் அந்தச் சொல்லை என்ர வீட்டுக்குள்ள ஒருநாளும் எடுத்ததில்லை. சொன்னன். இஞ்ச எழுதமாட்டன், எழுதினால் நீங்களும் விசாரிப்பியள். அவள் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை, திருப்பிச் சொல்லிப் பாத்தாள், நாக்குப் பிரளேல்லை. "அவ்வளவுதானோ?" எண்டாள். ஓம் பிள்ளை, அவ்வளவுதான் எண்டன். அவள் எழும்பிப்போய்த் தன்ர அறைக்கதவைச் சாத்தினாள். குசினியில பாட்டு நிண்டு கனநாள்.

கொஞ்ச மாசத்துக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, முருகன் கோயிலில செருப்புக் கழட்டுற இடத்தில அவளைக் கண்டன். விலத்திப் போகப் பாக்க, ஓடிவந்து கையைப் பிடிச்சாள். "என்னடி, இன்னும் கோவமோ?" எண்டாள். பழையபடி நீ, பழையபடி அடி. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பொய்க் கண்ணீர் எண்டு சொல்லமாட்டன். "பிள்ளையளின்ர கதையை விடு, அது முடிஞ்சுது. நாங்கள் நாங்களா இருப்பம். நீ வராமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடியுதில்லையடி. வாவன், நாளையிண்டைக்கு ஒரு குதிரைப்படம் போடுறாங்கள்."

ஒரு நிமிசம் எனக்கும் மனம் இளகினது உண்மை. எனக்கும்தான் ஆரிருக்கினம்?

"மகளையும் கூட்டிக்கொண்டு வரட்டோ? தனிய வீட்டில அடைஞ்சு கிடக்கிறாள்" எண்டு கேட்டன்.

அவள் என்ர கையை விடேல்லை. சுத்தவரப் பாத்திட்டு, குரலைத் தாழ்த்தி, வலு அன்பாத்தான் சொன்னாள்.

"அவள் வேண்டாமடி. நீ மட்டும் வா."