இடப்பக்கத்து சுவிட்ச்

கம்ப்யூட்டரில் வீடு காணாமல் போனால் பதறக் கூடாது. ஃபைலைத் திறக்கிறோம், நேற்று வரை இருந்த வீட்டைக் காணோம், கறுப்புத் திரை மட்டும் வெறிச்சென்று கிடக்கிறது. புதிதாக வரையப் பழகுகிறவர்கள் இந்த இடத்தில் அழுதே விடுவார்கள். வீடு எங்கேயும் போயிருக்காது. கைதவறி எங்கோ வெகுதூரத்தில் ஒரு புள்ளி விழுந்திருக்கும். அந்தப் புள்ளியையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று திரை பின்னால் போய்ப் போய், வீடு கடுகிலும் சிறிதாகியிருக்கும். புள்ளியைத் தேடிப் பிடித்து அழித்துவிட்டால் வீடு பக்கத்தில் வந்து நிற்கும்.

எங்கள் குடும்பத்திலும் அப்படித் தூரத்தில் விழுந்த புள்ளி ஒன்று உண்டு. என் வீட்டுக்காரர். கல்யாணமான மறுவருஷமே வளைகுடாவுக்கு ஏசி மெக்கானிக்காகப் போனவர். அழிக்கவும் முடியாது, இழுத்துக்கொண்டு வரவும் முடியாது.

நான் வீட்டிலிருந்தே பிளான் வரைந்து கொடுக்கிறவள். பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு, நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் சில வருஷம் கோடு போட்டேன். பிறகு ஆரல்வாய்மொழியில் வாடகை வீட்டு முன்னறையே அலுவலகமாகிவிட்டது. அஞ்சுகிராமத்திலிருந்து வருகிறவர் போனில் ஏதோ ஒரு பெரிய ஓட்டலின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும், இடம் நாலு சென்ட்டுதான்" என்பார். இரணியல் பக்கத்து ஆள் ஒருவர் தன் மருமகன் வரைந்த ஃபைலைக் கொண்டுவந்து, வீடு ஏன் பிரிண்டில் தீப்பெட்டி அளவு வருகிறது என்று கேட்டார். மருமகன் அடிக்கணக்கில் நினைத்துக்கொண்டு மில்லிமீட்டரில் வரைந்திருந்தான். முப்பது அடிச் சுவர் முப்பது மில்லிமீட்டர்! அதில் எறும்புகூட இடித்துக்கொண்டுதான் குடியிருக்க வேண்டும். முதல் கோடு போடுமுன் அளவு எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள் என்று தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். கேட்டால்தானே.

ஊராருக்கெல்லாம் வீடு வரைகிறவளுக்குச் சொந்த வீடு இல்லை. நானும் மகளும் மாமியாரும் வாடகை வீடுகளில் மாறி மாறி இருந்தோம். அவர் ஒவ்வொரு தடவை லீவுக்கு வரும்போதும் வேறொரு வீடாக இருக்கும். டாக்சியிலிருந்து இறங்கி, பெட்டியை வாசலில் வைத்து, இருட்டான அறைக்குள் கையை நீட்டிச் சுவரைத் தடவுவார். பிறகு கேட்பார்.

"ஏட்டி, சுவிட்ச் எங்கட்டி இருக்கு?"

ஒவ்வொரு லீவிலும் அவர் பேசும் முதல் வார்த்தை அதுதான். விருந்தாளிதான் சுவிட்ச் எங்கே என்று கேட்பான். டம்ளர் எங்கே, துண்டு எங்கே, எந்தக் குழாயில் நல்ல தண்ணி வரும் என்று கேட்டுக் கேட்டு, எல்லாம் பழகி வரும்போது லீவு முடிந்துவிடும். இந்த மனிதர் ஒரு நாள் தன் வீட்டுக்குள் யாரையும் கேட்காமல் நுழைந்து விளக்கைப் போட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அதனால்தான் மனை வாங்கும் முன்னாலேயே வீட்டை வரைந்தேன். மனையில்லாத வீடு என்று சிரிக்க வேண்டாம். திரையில் அதற்கு வெயில் இருந்தது. மென்பொருளில் மாதத்தையும் மணியையும் நகர்த்தினால் ஜன்னல் நிழல் தரையில் மெல்ல ஊர்ந்து போகும். சித்திரை வெயிலை ஹாலில் விழ வைத்துவிட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். அடுப்பில் சோறு குழைந்து போனதுண்டு. வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்குள் மட்டும் ஓர் இலை அசையாது, தூசி விழாது. விடிகாலை ஆனாலும் மத்தியானம் ஆனாலும் அது காத்துக்கொண்டு நிற்கிற வீடு.

நடந்து பார்க்கிற வசதியோடு அதை அவர் போனுக்கு அனுப்பினேன். ஒரு விரலால் தள்ளினால் முன்னே போகலாம், இன்னொரு விரலால் திரும்பலாம். முதல் நாள் அவர் சுவருக்குள் புகுந்து, பீரோவைக் கடந்து, கிணற்றுக்கு மேல் போய் நின்றுவிட்டார். சுவரில் மோதுகிற அமைப்பை நான் போட மறந்திருந்தேன். அங்கே ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் ஆறு பேர் படுக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரித்திருக்கிறார். மறுநாளே கூப்பிட்டு, "சுவர்ல இடிக்கிற மாதிரி மாத்திக் குடு. இடிக்கலன்னா அது என்ன வீடு" என்றார். மாற்றிக் கொடுத்தேன்.

அதன்பிறகு வேலை முடிந்து வந்து, குளித்து, கட்டிலில் சாய்ந்ததும் அவர் அந்த வீட்டுக்குப் போய்விடுவார். போனில் என்னோடு பேசிக்கொண்டே போவார். வாசலில் நின்று, இடப்பக்கச் சுவரில் நான் வரைந்து வைத்த சுவிட்சை விரலால் தொடுவார். தொட்டால் ஒன்றும் நடக்காது, அது வெறும் படம். ஆனாலும், "லைட்டு போட்டாச்சி" என்பார். வலப்பக்கம் திரும்பி அடுக்களைக்குப் போவார். "என்ன கறி?" என்பார். நான் இங்கே வைத்த குழம்பைச் சொல்லுவேன். பல வருஷம் நாங்கள் குடும்பம் நடத்தியது அந்த வீட்டில்தான் என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

கடைசியில் ஆரல்வாய்மொழியிலேயே மனை அமைந்தது. வடக்குப் பார்த்த மனை. நான் இரணியல்காரி, மழையும் தென்னையும்தான் எனக்குத் தெரியும். இந்த ஊர்க் கணவாய்க் காற்றை வாடகை வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் அனுபவித்திருந்தேன். ஆடி மாதம் மனையில் போய் நின்றபோது சேலைத் தலைப்பு என்னை விட்டுப் பறக்கப் பார்த்தது. பக்கத்து மனைக்காரி, ஆடு கட்டிக்கொண்டிருந்தவள், எங்கே அடுக்களை என்று கேட்டாள். மேற்கே கையைக் காட்டினேன்.

"மேக்கயா? ஆடிக் காத்து அங்கேருந்துதான் வரும், தோசை கல்லுல நிக்காது மக்கா. ஒனக்க அடுப்பும் எரியாது, ஒனக்க மூஞ்சியும் தெளியாது" என்று சிரித்தாள்.

வெயிலும் நிழலும் காட்டுகிற மென்பொருள் காற்றைக் காட்டாது. அன்றைக்கே வந்து வீட்டை அப்படியே இடவலமாகத் திருப்பிப் போட்டேன். கண்ணாடியில் பார்ப்பது போல நொடியில் எல்லாம் மாறிவிடும். மாடிப்படி, ஜன்னல், கதவு திறக்கிற பக்கம், சுவிட்ச், எல்லாம். எழுத்துகளும் இடவலமாகத் திரும்பித் தொலைக்கும். அதற்குத் தனியாக ஒரு அமைப்பு உண்டு, முதலிலேயே அதை அணைத்துவிட்டால் எழுத்து தப்பிக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும், ஆனாலும் அன்று மறந்துபோய் ஒவ்வொரு அறைப் பெயரையும் திரும்ப அடித்தேன்.

அடுக்களை தென்கிழக்குக்கு வந்துவிட்டது. எங்கள் சபையில் யாரும் வாஸ்து பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு மூப்பர் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கினி மூலையிலதான் வச்சிருக்கியளாமே, நல்லது நல்லது" என்றார். மாமியாருக்கும் பரம திருப்தி. காற்றுக்காகச் செய்தேன் என்று எத்தனை பேரிடம்தான் சொல்ல? இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதிய ஃபைலை அவருக்கு அனுப்பினேன். கிடைத்தது என்றார். வேலை தொடங்கியது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, கல் கட்டி, சுவர் எழும்பி வாசல் நிலை வைத்த சமயம் அவர் இன்னொன்று சொன்னார். கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். இனிப் போவதில்லை, வீடு முடியும்போது ஒரேயடியாக வருகிறார். அன்று நான் யாரோடும் சண்டை போடவில்லை. சிமென்ட் கடைக்காரனோடு கூட.

ஒரு சாயங்காலம் போனை வீடியோவில் வைத்துக்கொண்டு கட்டுகிற வீட்டை அவருக்குக் காட்டினேன். கூரையில்லாத ஹாலில் மலைக்குப் பின்னாலிருந்து மஞ்சள் வெளிச்சம் நிரம்பி நின்றது. திரையில் நான் விழவைத்துப் பார்த்த அதே வெளிச்சம்தான், ஆனால் இதில் தூசி பறந்தது. அடுக்களையைக் காட்டுகிறேன் என்று இடப்பக்கம் திரும்பினேன்.

"நீ எங்கன போற? அடுக்களை வலப்பக்கம்லா" என்றார்.

"மாத்தினதுதான் அனுப்பி வச்சேனே. பாக்கலியா?"

அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"தொறந்து பாத்தேன்ட்டி" என்றார். "உள்ள போனேன். ஒண்ணும் பிடிபடல. யாரு வீட்டுக்குள்ளயோ போன மாதிரி இருந்துது. வெளிய வந்துட்டேன்."

"பெறகு?"

"பழையதுலதான் இருக்கேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கல்லும் மண்ணும் வச்சி நான் இங்க ஒரு வீட்டக் கட்டுகேன். நீங்க அங்க வேறொரு வீட்டுல குடியிருக்கியளா? அந்தச் சவத்த அழிச்சிப் போடுங்க" என்று கத்தினேன். கொத்தனார் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். போனில் என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"அழிச்சிட்டா நான் எங்கட்டி படுப்பேன்?"

போனை வைத்துவிட்டுச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன். கோபம் அவர்மேல் இல்லை. இத்தனை வருஷம் கழித்து இந்த மனிதர் வந்து வாசலில் நின்று, இடப்பக்கம் கையை நீட்டி, வெறும் சுவரைத் தடவுவார். பிறகு என்னிடம் கேட்பார். அதை நினைக்கத்தான் முடியவில்லை. திரையில் தவறு நடந்தால் ஒரு விசையைத் தட்டி முந்தின நிலைக்குப் போகலாம். எழும்பிய சுவருக்கு அப்படி ஒரு விசை கிடையாது. அடுக்களையைத் திரும்ப மேற்கே கொண்டுபோகவும் முடியாது, ஆடிக் காற்று யாருக்காகவும் வழிமாறிப் போகாது.

அன்று வீட்டுக்கு வந்து பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன். பழையதைச் சாம்பல் நிறமாக்கி அடியில் போட்டேன். ஒரு வீட்டின் நிழல்போல இன்னொரு வீடு. சமையலறை நிற்கிற இடத்தில் படுக்கையறை. படி ஏறுகிற இடத்தில் ஜன்னல். அவர் தினமும் நடந்த வழியை விரலால் தடவிக்கொண்டே போனேன். இதெல்லாம் வந்து பழகிக்கொள்வார், ஒரு வாரம் இடித்துக்கொண்டால் தெரிந்துவிடும். ஆனால் வாசலில் வைக்கிற அந்த முதல் கை? அதை மட்டுமாவது விட்டுக்கொடுக்கக் கூடாது.

இடப்பக்கச் சுவரில் ஒரு சுவிட்சை வரைந்தேன். வலப்பக்கத்தில் ஏற்கெனவே இருந்ததோடு வளைந்த புள்ளிக்கோட்டால் இணைத்தேன். ஒரு விளக்கை இரண்டு இடத்திலிருந்தும் போடலாம், அணைக்கலாம். அதில் ஒரு சிக்கல் இருந்தது. திருப்பிப் போட்ட வீட்டில் கதவின் கீல் இடப்பக்கம். திறந்து வைத்தால் கதவே சுவிட்சை மறைத்துவிடும். கதவுக்குப் பின்னால் சுவிட்ச் வைப்பது வரையத் தெரியாதவன் செய்கிற வேலை, அதற்காக எத்தனையோ பையன்களைத் திட்டியிருக்கிறேன். கீலை வலப்பக்கம் மாற்றி, வலப்பக்க சுவிட்சைக் கதவு எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தேன்.

மரவேலைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். வயரிங் செய்ய வந்தவனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஒரு வாசலுக்கு ரெண்டு பக்கமும் எதுக்குக்கா? மாடிப்படிக்குத்தானே இப்படிப் போடுவோம்?"

"வரைஞ்சதப் போடு" என்றேன்.

ஜெபம் பண்ணிக் குடிபுகுகிற வீட்டுப் பிரதிஷ்டைக்கு முந்தின நாள் அவர் வந்து சேர்ந்தார். திருவனந்தபுரத்திலிருந்து கார் வரும்போது விளக்கு வைக்கிற நேரம். மாமியார் வாடகை வீட்டில் பலகாரம் செய்துகொண்டிருந்தார். ஹாஸ்டலிலிருந்து வந்த மகள் அவருக்கு உதவி. நான் ஒருத்திதான் புது வீட்டு வாசலில். காற்று அன்று என்னவோ அடங்கி, பெயின்ட் வாசனை அப்படியே நின்றது. எல்லா விளக்கையும் அணைத்து வைத்திருந்தேன்.

பெட்டியை இறக்கினார். முன்முடி நரைத்திருந்தது, வீடியோவில் அது தெரிந்ததில்லை. செருப்பைக் கழற்றியபடியே, வழியில் தக்கலையில் டிராபிக் என்று ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். நான் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றேன். வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கை இடப்பக்கம் போனது. பார்க்கவில்லை, தடவவில்லை.

விளக்கு எரிந்தது.

அவர் பேச்சை நிறுத்தாமல் உள்ளே போனார். வலப்பக்கம் திரும்பி, தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் கட்டிலைப் பார்த்து நின்று, "அட சவமே" என்று சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். நான் அதற்குள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

பிரதிஷ்டைக்கு வந்தவர்கள் எல்லாம் போய், வீட்டில் கொஞ்சம் புழங்கத் தொடங்கிய பிறகுதான் அவர் வலப்பக்கத்து சுவிட்சைக் கவனித்தார். போட்டு அணைத்துப் பார்த்தார்.

"ஏட்டி, இந்தப் பக்கம் எதுக்கு இன்னொரு சுவிட்ச்?"

"அது விருந்தாளிகளுக்கு" என்றேன்.