எஞ்சின் முன்னால் ஒரு கைப்பேச்சு

சுலோசனாவுக்குக் கத்திக் கத்தியே தொண்டை போய்விட்டது. புருஷன் வடிவேலுக்கு மில் இரைச்சலில் காது கேட்காமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. வீட்டில் பேச்சே நின்றுவிட்டது. மில்லின் பழைய நீராவி எஞ்சினை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள் என்றதும், அதைப் பார்த்தாவது மனுஷன் வாய் திறப்பாரா என்ற நப்பாசையில் உழவர்கரையிலிருந்து பஸ் ஏற்றி அழைத்துவந்தாள். அவரோடு மில்லில் வேலை பார்த்த பழைய சிநேகிதர் சாமிக்கண்ணுவும் கூட வந்தார்.

"இதானே உங்க எஞ்சினு?" என்று கத்தினாள்.

"மெதுவாம்மா," என்றார் காவலாளி.

"மெதுவா பேசுனா உனக்குக் கேக்கும். இவருக்கு?"

அதற்குள் வடிவேலும் சாமிக்கண்ணுவும் எஞ்சின் முன்னால் விரல்களை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா அது?"

"மில்லு சத்தத்துல கையாலதான் பேசிக்குவோம், அண்ணி."

"இத்தன வருஷமா இவரு வீட்ல ஏன் காட்டல?"

"வீட்லதான் சத்தம் இல்லியே!" என்றார் சாமிக்கண்ணு.

அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. "உக்காருன்னா எப்புடி?" என்று கேட்டாள். சாமிக்கண்ணு உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தரம் தாழ்த்தினார். அவளும் புருஷனைப் பார்த்து அப்படியே செய்தாள். வடிவேல் மறுபேச்சில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டார்.