வசுமதி தானாக விலகவில்லை

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்க நின்றபோது வசுமதியின் தம்பி அழைத்து, அக்கா காலையில் போய்விட்டார் என்றார். மீன் வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். மாலையில், அவர் முன்பு பணியாற்றிய ஆய்வுக்கூடத்தின் இரங்கல் செய்தி வந்தது. போரான் வேதியியலின் முன்னோடி என்று புகழ்ந்துவிட்டு, 'சொந்த விருப்பத்தில் விலகியவர்' என்றும் எழுதியிருந்தார்கள். அழுதுகொண்டிருந்த எனக்கு ஆத்திரம் வந்தது. அவரை அறிந்த உங்களிடம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அங்கே வசுமதியின் ஆய்வகத்துக்குப் பக்கத்து ஆய்வகம் என்னுடையது. போரானுக்கு எலெக்ட்ரான் எப்போதும் பற்றாக்குறை. "பசியோட இருக்குற பொருள் லா, அதான் கிடைச்சதையெல்லாம் புடிச்சுக்குது" என்பார் வசுமதி. அந்தப் பசியை வைத்தே புதிய மருந்து மூலக்கூறுகளைக் கட்டினார். ஆனால் அவர் கையாண்ட சேர்மங்களில் சில, காற்று பட்டாலே பச்சைச் சுடராய்த் தீப்பிடிப்பவை. ஆவியை வெளியே இழுக்கும் புகையுறிஞ்சி பழுதாகிவிட்டது என்று அவர் நிர்வாகத்திடம் பலமுறை முறையிட்டார். பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதே சமயம் விருந்தினர் கூடத்துக்குப் புதுக் கம்பளம் விரித்தார்கள்.

ஒரு மதியம் அவருடைய ஆய்வு மாணவி மெய் லிங்கின் குடுவையிலிருந்து கசிந்த ஆவி, வெளியேற வழியின்றித் தேங்கிப் பற்றிக்கொண்டது. அவளுடைய வலது கை முழங்கைவரை வெந்தது. நானும் வசுமதியும்தான் அவளை இழுத்துப் போய்த் அவசரத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே நிறுத்தினோம்.

அடுத்த வாரம் இயக்குநர் எங்கள் இருவரையும் அழைத்தார். அவரும் தமிழர்தான். "வசு, ரிப்போர்ட்ல ஸ்டூடண்ட் மிஸ்டேக்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க. உங்க கான்ட்ராக்டும் பிரச்சினை இல்லாம ரினியூ ஆயிடும்" என்றார்.

வசுமதி குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பொண்ணு நான் சொன்னபடிதான் செஞ்சா. தப்பு யாருதுன்னு உங்களுக்குத் தெரியும். நான் சைன் பண்ண மாட்டேன்."

நானும் விசாரணையில் கண்டதைச் சொன்னேன். என் வேலையில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் வசுமதியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்து, ஆய்வகத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் போன பிறகு, சத்தமில்லாமல் புகையுறிஞ்சியை மாற்றினார்கள்.

வேறொரு கல்லூரியின் சிறிய ஆய்வகத்தில், மாணவர் வகுப்புகள் முடிந்து மேசை காலியாகும் நேரத்தில் அவர் வேலையைத் தொடர்ந்தார். திறந்த மேசையில் வைத்தாலும் பற்றாத, ஆனால் அதே வேலையைச் செய்யும் போரான் தூள்களை உருவாக்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று பல நாட்டு ஆய்வகங்கள் அவற்றைப் பயன்படுத்துகின்றன. நான் பாராட்டியபோது, "இனிமே யாரு கையும் வேகக்கூடாது, அவ்ளோதான்" என்றார்.

இரங்கல் கூட்டத்திலும் இயக்குநர் அதே பொய்யைப் பேசினார். இப்போது தனக்கென ஓர் ஆய்வுக்குழு வைத்திருக்கும் மெய் லிங் எழுந்தாள். "அவர் விலகவில்லை, என்மீது பழி போட மறுத்ததால் நீங்கள்தான் அவரை வெளியேற்றினீர்கள்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். இயக்குநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லாரும் தேநீர் அருந்திவிட்டுப் போகலாம் என்றார்.

நான் அருந்தவில்லை. வசுமதியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, குரல் உயராத அந்தக் கோபம்தான். அதை ஆறவிட மாட்டேன்.