ஆய்வறையில் வரப்பு

எனக்கு மூக்கு நுனியில் கோபம். திண்டுக்கல் ஆஸ்பத்திரி அறையில் அன்று நான் கத்தியதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

பார்க்கின்சன் நோயாளிகளின் நடையை அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவர்கள் நடக்க நினைப்பார்கள். கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணெதிரே கோடு இருந்தால் அதைத் தாண்டும் சாக்கில் கால் எழுந்துவிடும். அதனால் தரையில் வரிசையாக, குறுக்கே வெள்ளை டேப் ஒட்டியிருந்தேன். கணுக்காலில் கட்டிய கருவி ஒவ்வோர் அடியையும் கணினியில் அலையாக வரையும்.

சின்னாளபட்டிப் பக்கத்துக் கத்தரிக்காய் விவசாயி ஒருவர் மனைவியோடு வந்தார். வாய்க்காலைத் திறந்துவிட்டவர், அடைக்கப் போக முடியாமல் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாராம். நட்ட நாற்றெல்லாம் மூழ்கிவிட்டது.

"இந்த வெள்ளாமையோட தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுருவோம்னு சொல்லிட்டேன், டாக்டரம்மா," என்றார் அந்த அம்மா. விவசாயி தலை நிமிரவேயில்லை.

மற்றவர்கள் கோட்டைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். இவர் மட்டும் இரண்டு விரல் அகல டேப்பின் மேலேயே பாதம் வைத்துத் தள்ளாடி, மூன்றாவது கோட்டில் நின்றுவிடுவார். நாலு நாளும் இதே கதை. ஐந்தாம் நாள் என் பொறுமை போய்விட்டது.

"ஐயா, ரெண்டு கோட்டுக்கு நடுவுல காலை வைங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நடுவுல எப்படித் தாயி வைக்க? நாத்து நட்ட எடம்ல அது."

அட, எனக்குத்தான் புத்தி இல்லை. அவருக்கு என் கோடுகள் வரப்பு, இடைவெளி பாத்தி. ஆயுசு முழுக்க வரப்பை மட்டுமே மிதித்த கால் அது.

"அப்ப நீங்களே வரப்புப் போடுங்க," என்றேன். அவர் உட்கார்ந்தபடி கைகாட்ட, நான் மண்டியிட்டு ஒட்டினேன்.

"இம்புட்டு ஒல்லியாவா வரப்புப் போடுவாக? அகலமாப் போடு. செத்தத் தள்ளிப் போடு."

பிறகு எழுந்தார். வரப்புக்கு வரப்பு மிதித்துச் சுவர்வரை ஒரே மூச்சில் போய்த் திரும்பினார். கணினியில் அலை சீராக ஓடியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலிருந்து அடுப்படிவரை அகல அகலமாக வெள்ளை டேப். அவரைத்தான் காணோம்.

"குத்தகை என்னாச்சும்மா?"

"யாருக்கு விட? விடிஞ்சதும் தண்ணி கட்டப் போனவுக. சாப்பிட வாங்கன்னு மூணு தடவை கூப்பிட்டாச்சு, இன்னும் வந்தபாடில்ல. நீங்களாச்சும் சொல்லுங்க டாக்டரம்மா, செத்த நேரம் ஒரு எடத்துல நிக்கச் சொல்லி."