எதுக்கும் மாமா மாற்றிய பெட்ரோல் டேப்

என் அக்கா வீட்டுக்காரரை வேலை செய்கிற இடத்தில் ‘எதுக்கும்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் கடையில் சரக்குக் கட்டி அனுப்புகிற வேலை. மூன்று சுற்றுத் தாள் போதும் என்றால், “எதுக்கும் இன்னொண்ணு இருக்கட்டும்” என்று நான்காவதும் சுற்றுவார். பதினெட்டு வருடத்தில் அவர் கட்டியது ஒன்றுகூட உடைந்ததில்லை என்று பெருமை பேசும் முதலாளியேதான், தாள் செலவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதும்.

வீட்டிலும் இதே கதை. பூட்டுக்குச் சாவி மூன்று, டார்ச் இரண்டு, வெயில் கொளுத்தும் நாளிலும் வண்டிப் பெட்டியில் குடை. நான் விடாமல் கிண்டலடிப்பேன். போன வருடம் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து வாயை மூடிக்கொண்டேன். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு அவளுடைய முறை. ஏழரைக்குள் போகாவிட்டால் அந்தப் படுக்கை வெளியே காத்திருப்பவருக்குப் போய்விடும். ஒருமுறை அப்படித் தவறியது. மறுநாள் நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து அவள் மூச்சுக்குத் திணறியதை நானும் பார்த்தேன். அன்றிலிருந்து மாமாவுக்கு வண்டியைப் பற்றிய பயம் பிடித்துக்கொண்டது.

அந்த வண்டியில்தான் பெட்ரோல் டேப் கசிய ஆரம்பித்தது. டாங்கிக்கு அடியில் இருக்கும் சின்னச் சாமான். கைப்பிடி கீழே பார்த்தால் திறந்திருக்கும், பக்கவாட்டில் திருப்பினால் மூடிக்கொள்ளும், மேலே தள்ளினால் ரிசர்வ்.

“நாளைக்கு ஆஸ்பத்திரி போயிட்டு வந்து மாத்திக்கலாமே” என்றாள் அக்கா.

“பாதி வழியில நின்னா என்ன பண்றது? எதுக்கும் இன்னைக்கே மாத்திடுறேன்.”

மெக்கானிக்கிடம் விட அவருக்கு மனசு வராது. உதிரிபாகக் கடையில் அவரே ஒரு டேப் வாங்கினார். “இது வேற வண்டியோடது சார், ஆனா கச்சிதமா உட்காரும்” என்றார் கடைக்காரர். உட்கார்ந்தது. டாங்கியைக் கேனில் வடித்து, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, அடியில் தாளை விரித்து ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு இல்லை. வடித்ததைத் திரும்ப ஊற்றும்போது, ஒரு லிட்டர் வீட்டில் எதுக்கும் இருக்கட்டும் என்று கேனிலேயே விட்டுவைத்தார்.

மறுநாள் ஆறேகாலுக்குக் கிளம்பினார்கள். ஆள் நடமாட்டமில்லாத கிடங்குச் சாலையில் வண்டி இருமியது. மாமாவின் கட்டைவிரல் தானாகப் போய்க் கைப்பிடியை மேலே தள்ளியது. கொஞ்ச தூரம் போய் வண்டி நின்றேவிட்டது.

உதைத்தார், உதைத்தார், சட்டை நனையும்வரை உதைத்தார். டாங்கியை ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலத்தது. “பெட்ரோல் இருக்கு, இறங்க மாட்டேங்குது. டேப்புல அடைப்பு” என்றார். எனக்கு மூன்று தடவை போன் செய்தார். நான் சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று அழைப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. கை காட்டியும் இரண்டு வேன்கள் நிற்காமல் போயின. மணி ஏழு தாண்டியது. அக்காவால் நிற்க முடியவில்லை. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா ஸ்பேனரை எடுத்தார். அது இரண்டு தடவை கீழே விழுந்தது. டேப்பைக் கழற்றி மாட்ட அரை மணி நேரமாவது ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அவருக்கே தெரியும். வேறு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

“கொஞ்சம் இருங்க” என்றாள் அக்கா. உட்கார்ந்திருந்தவளின் கண்ணுக்கு நேராக டேப் இருந்தது. முந்தானையால் கிரீஸைத் துடைத்தாள். “இதுல என்னவோ எழுதியிருக்கே. மேல ஆஃப்னு போட்டிருக்கு. ரிசர்வ் பக்கவாட்டுல இருக்கு. மூடி வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் உதைச்சீங்க?”

மாமா மண்டியிட்டுப் பார்த்தார். அவள் சொன்னது சரி. இத்தனை வருடமாக அந்தக் கைப்பிடியை அவர் கண்ணால் பார்த்ததில்லை, விரல்தான் பார்த்துக்கொண்டது. உலகத்தில் எல்லாவற்றையும் நான்கு தடவை சரிபார்க்கிற மனுஷன், தனக்கு அத்துப்படியான ஒன்றை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டார்.

கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பி மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. வார்டுக்குள் நுழையும்போது ஏழு இருபத்தெட்டு. நர்ஸ் அடுத்தவரின் ஃபைலைக் கையில் எடுத்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் அதைத் திரும்ப வைத்துவிட்டார்.

குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்ததும் அக்காவுக்கு வாய்க்கொழுப்பும் திரும்பியது. “எல்லாத்துக்கும் எதுக்கும்னு ஒண்ணு எடுத்து வெச்சிருப்பீங்களே. நான் இல்லாமப் போயிட்டா என்ன பண்றதுன்னு ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

மாமா சிரிக்கவில்லை. கிரீஸ் அப்பிய கையால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

“அதுக்கு மட்டும் எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா.”